பீப்பாய்ப் பெட்டியில் இரண்டாவது துளை

எதிரி என்று ஒருவன் வாய்த்தால் இப்படி வாய்க்க வேண்டும் என்று ஆர்லோ நினைத்துக்கொண்டான்.

அந்த எதிரி வெண்டல் பிரிபிலின் கராஜுக்குள் வந்திருக்கிறான். முதலில் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறான். பிடுங்கிய வயரை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் போகவில்லை. அழகாகச் சுருட்டி, ரொட்டிப் பையின் வாயைக் கட்டும் கம்பியால் முடிந்து, சுவரில் இருந்த ஆணியில் மாட்டியிருக்கிறான். அடுத்ததாக, பீர் பீப்பாய்க்குப் போகும் கேஸ் சிலிண்டரின் வால்வை இறுக மூடியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் டிரில்லை எடுத்து ஃப்ரிட்ஜின் இடது விலாவில் ஒரு துளை போட்டு, அதன் உயிரை எடுத்திருக்கிறான்.

"காலைத் துடைச்சுட்டு உள்ள வந்து கொலை பண்ணியிருக்கான், பாஸ்," என்றான் ஆர்லோ. "போகும்போது நன்றி சொல்லி சீட்டு எழுதி வச்சிருக்கானான்னு பார்க்கட்டுமா?"

"வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடி," என்றாள் பெர்னடீன் டெஷ்.

பெர்னடீன் ஐம்பதைத் தாண்டியவள். துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டுவதற்கு முன்பு பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவள். பொய் சொல்கிறவனைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வராது, பசி வரும். அவளுக்கு ட்ரக் ஓட்ட, டார்ச் பிடிக்க, அவ்வப்போது திட்டு வாங்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆர்லோ அந்த மூன்றிலும் தேர்ச்சி பெற்றிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை. மிச்சிகன் ஏரியிலிருந்து வீசிய நவம்பர்க் காற்று, திறந்திருந்த கராஜ் கதவு வழியாக உள்ளே வந்து எல்லோருடைய காதையும் திருகிக்கொண்டிருந்தது. பேசுகிறவர்களின் வாயிலிருந்து வார்த்தையோடு புகையும் வந்தது.

"ரெண்டு துளை இருக்கே?" என்றாள் பெர்னடீன், ஃப்ரிட்ஜின் பக்கத்தில் குந்தியபடி.

"மேல இருக்கிறது நான் போட்டது. கீழ இருக்கிறது அந்த நாய் போட்டது," என்றார் வெண்டல். கனத்த மேல்சட்டை, காதை மூடிய கம்பளித் தொப்பி, அதற்கு நடுவில் சிவந்துபோன ஒரு மூக்கு. மர ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே பீர் காய்ச்ச ஆரம்பித்தவர்.

அவர் சொல்லச் சொல்ல ஆர்லோவுக்கு அந்த ஃப்ரிட்ஜின் சரித்திரம் முழுவதும் தெரிந்துபோயிற்று. சமையலறையில் பல காலம் பாலும் வெண்ணெயும் காத்த வெள்ளை ஃப்ரிட்ஜ் அது. மகள் கொரீனின் கல்யாணம் நிச்சயமானதும் வெண்டல் அதைக் கராஜுக்குத் தள்ளிவந்து, தட்டுகளையெல்லாம் கழற்றி எறிந்து, உள்ளே பீப்பாய்கள் நிற்கும்படி அடியில் பலகை அடித்திருக்கிறார். கதவில் பளபளவென்று பித்தளைக் குழாய். குழாய்க்குக் கீழே சொட்டுத் தட்டு. கேஸ் டியூப் உள்ளே போவதற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு துளை.

"அந்தத் துளையிலதான் சூட்சுமமே இருக்கு," என்றார் வெண்டல். கோபத்தின் நடுவிலும் அவர் முகத்தில் ஒரு வாத்தியார் எட்டிப்பார்த்தார். "தகட்டுக்கு அடியில குளிர் தர்ற கேஸ் ஓடுற மெல்லிய குழாய், நரம்பு மாதிரி இருக்கும். டிரில் அதுல பட்டுச்சோ, ஃப்ரிட்ஜ் செத்துச்சு. நரம்பு எங்க ஓடுதுன்னு எப்படித் தெரியும்? சோளமாவை சாராயத்துல குழைச்சு சுவர் முழுக்கப் பூசணும். ஃப்ரிட்ஜை ஓட விடணும். நரம்பு சூடா இருக்கும்ல, அது மேல இருக்கிற மாவு மட்டும் முதல்ல காயும். காஞ்ச இடத்துல பென்சிலால கோடு போட்டுக்கணும். அப்புறம் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல ஓட்டை போடணும்."

"வோட்காவுலதானே குழைப்பாங்க? இது ஏன் பழுப்பா இருக்கு?" என்றான் ஆர்லோ.

"இந்த ஊர்ல எவன் வீட்ல தம்பி வோட்கா இருக்கு? பிராந்தியிலதான் குழைச்சேன்."

சுவரில் இன்னும் அந்தப் பழுப்புக் கறை இருந்தது. அதன்மேல் பென்சில் கோடுகள் பாம்புபோல் வளைந்து வளைந்து ஓடின. வெண்டல் போட்ட துளை இரண்டு கோடுகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. இரண்டாவது துளை, கோட்டின் நட்டநடுவில் குந்தியிருந்தது.

"கைதவறிப் போட்டது இல்ல," என்று முணுமுணுத்தாள் பெர்னடீன். "குறி பார்த்து அடிச்சிருக்கான்."

"பின்ன? நார்பர்ட் வாண்டர்மூஸ்! என் வருங்கால சம்பந்தி!" அந்தக் கடைசிச் சொல்லை வெண்டல் துப்பினார். "கோடைக்காலத்துல, அத்தனை பேர் முன்னாடி, 'என் பையன் கல்யாணத்துக்கு என் கடை பீர்தான்'னு சொன்னான். 'என் மக கல்யாணத்துக்கு நான் காய்ச்சின பீர்தான்'னு நான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாற்காலி திருப்பிக் கொடுக்கிறேன்னு வந்தான். தனியா இங்க நின்னான். புதன்கிழமை காலையில என் பொண்ணு வந்து பார்க்கிறா, ஃப்ரிட்ஜ் பிணமா நிக்குது! அவன் குடும்பம் சர்ச்சுல உட்கார்ந்திருந்தா நான் உள்ள கால் வைக்க மாட்டேன். புதன்கிழமையே சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்."

கொரீன் கதவருகே நின்றிருந்தாள். பெர்னடீனை அழைத்தவள் அவள்தான். நாளைக்குக் கல்யாணப் பெண். முகத்தைப் பார்த்தால் நாளைக்கு அறுவை சிகிச்சை என்று சொல்லலாம்.

"தள்ளிப்போடவும் முடியாது மேடம்," என்றாள். "அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை ஆரம்பம். சர்ச்சுல நானும் மாப்பிள்ளை ட்ரெவரும் மட்டும்தான் நிக்கணும், பாதிரியார்கூட காட்டுலதான் இருப்பார். இந்த ஊர்ல தள்ளிப்போட்ட கல்யாணம்னா அது நின்னுபோன கல்யாணம்தான். அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் உள்ள நடப்பேன். அவர் வரலைன்னா நடக்கவே மாட்டேன்."

வெண்டல் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி லவோன், அலுமினியத் தாள் போர்த்திய ஒரு பெரிய தட்டை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பக்கத்து அலமாரியில் அதே மாதிரி ஏழெட்டுத் தட்டுகள் ஏற்கெனவே அடுக்கியிருந்தன. எல்லாம் நாளைய விருந்துக்கான உருளைக்கிழங்கு சாலட், ஹாம், க்ரீம் கேக்.

"தரையை யார் பெருக்கினது?" என்று கேட்டாள் பெர்னடீன். "இரும்புத்தூள் ஒண்ணுகூட இல்லையே."

"நான்தான். புதன்கிழமை. சாப்பாடு வைக்கிற இடம் பாருங்க," என்றாள் லவோன். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"தடயத்தைக் கூட்டிப் பெருக்கிட்டாங்க," என்று ஆர்லோ பெர்னடீனின் காதில் கிசுகிசுத்தான். பிறகு, தொழில் தர்மத்தை முன்னிட்டு, பித்தளைக் குழாயை நோக்கிக் கையை நீட்டினான். "ஒரு கிளாஸ் ருசி பார்த்தா விசாரணைக்கு உதவியா—"

வெண்டல் அவன் கையைத் தட்டிவிட்டார். "கெட்டுப்போச்சு தம்பி! ஃப்ரிட்ஜ் செத்து எத்தனை நாளாச்சு? மூணு பீப்பாயும் புளிச்சு நாசமாப் போச்சு. இதை யாரும் குடிக்கக் கூடாது. நாளைக்கு ஏரியில ஊத்தப்போறேன்."

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதில் பொய் இல்லை என்று ஆர்லோவால் சத்தியம் செய்ய முடியும்.

*

நார்பர்ட் வாண்டர்மூஸின் மதுக்கடை துறைமுகத்தை ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் மத்தியானத்துக்கே மீன் வறுவல் மணம் தெருமுனை வரைக்கும் வந்து ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்தது. நார்பர்ட் ஆறடிக்கு மேல் உயரம், அதற்கு ஏற்ற அகலம். முழங்கை வரை மாவோடு மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போனது நாற்காலி திருப்பிக் கொடுக்க. கொடுத்துட்டு வந்தேன். அவ்வளவுதான்," என்றார்.

"ஃப்ரிட்ஜைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? வெண்டல் அதை மூடி வைக்கிறதே இல்லையே. குழந்தை பொறந்த மாதிரி வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவான்."

"டிரில் வச்சிருக்கீங்களா?"

"அம்மா, நான் படம் மாட்ட ஆணி அடிச்சாலே என் பொண்டாட்டி சுத்தியலைப் பிடுங்கி வச்சுடுவா. என் கடையில ஒரு கதவு இருக்கு, நானே மாட்டினது. திறந்து பாருங்க."

ஆர்லோ திறந்து பார்த்தான். அது வந்தது. கையோடு வந்தது. மறுபடி சாய்த்து வைத்தான்.

"மாமா ஏன் போய்ப் பேசலைன்னு கொரீன் கேக்குறா," என்றாள் பெர்னடீன்.

நார்பர்ட் மீனைக் கீழே வைத்தார். "போனேனே. கதவை மூஞ்சியில சாத்தினான். என் பையன் ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடல. அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரணும்னு நானும் என் பொண்டாட்டியும் எவ்வளவு ஆசைப்பட்டோம் தெரியுமா? இதுல போய் பீருக்காக..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூக்கில் மாவு ஒட்டியது.

பெர்னடீன் எழுந்தாள். போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டாள். "வெண்டல் காய்ச்சின பீரை நீங்க குடிச்சிருக்கீங்களா?"

நார்பர்ட் இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"குடிச்சேன். போன மாசம். கொஞ்சம்... வித்தியாசமா இருந்துச்சு."

கெவானி என்ற அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் யாருக்கும் அந்தச் சொல்லுக்கு உரை தேவையில்லை. பாதிரியாரின் பிரசங்கம் படுத்துவிட்டால் வித்தியாசம். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு ஊதா நிறம் அடித்துவிட்டால் வித்தியாசம். மருமகள் வைத்த குழம்பை நாய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், அதுவும் வித்தியாசம். அதைத் தாண்டிக் கடுஞ்சொல் ஒன்று இந்த ஊர்க்காரர்கள் வாயில் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

*

"லவோன்தான், பாஸ்," என்றான் ஆர்லோ ட்ரக்கைக் கிளப்பியபடி. "யோசிச்சுப் பாருங்க. வீட்டு ஆள். வயரைச் சுருட்டுறாங்க, கேஸை மூடுறாங்க, தரையைப் பெருக்குறாங்க. கராஜ் முழுக்க பீர் நாத்தம், எத்தனை நாள் பொறுப்பாங்க? ஒரு நாள் டிரில்லை எடுத்து ஒரே சொருகு."

"அவ பண்ணியிருந்தா துளை கோட்டுல விழுந்திருக்காது. ஃப்ரிட்ஜே ஏரியில விழுந்திருக்கும். அந்தம்மா கையைப் பார்த்தல்ல?"

"அப்ப நார்பர்ட்?"

"கதவைப் பார்த்தல்ல?"

ஆர்லோ யோசனையில் ஆழ்ந்தான். யோசனைக்குத் தீனி வேண்டுமே என்று, இருக்கைக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே தொத்திறைச்சியும் சீஸும் வைத்த ரொட்டி.

"எப்ப வாங்கினது அது?"

"முந்தாநாள்."

"முந்தாநாள் வாங்கினதைத் தின்னப்போறியா?"

"நவம்பர் மாசம் பாஸ். ட்ரக்கே ஃப்ரிட்ஜ்தானே," என்று ஒரு கடி கடித்தான். "எங்கம்மா பாலைக்கூட வாசப்படியிலதான் வைப்பாங்க. வைக்கிறதுல என்ன, உறைஞ்சு போகாம எடுக்கிறதுலதான்..."

பெர்னடீன் அவன் கையைப் பிடித்திருந்தாள். ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடவுளைப் பார்ப்பதுபோல்.

"வண்டியைத் திருப்பு."

"பாஸ்?"

"லவோன் சாலட்டை எங்க வச்சா?"

"கராஜ் அலமாரியில. வீட்டு ஃப்ரிட்ஜ்ல இடம் இருக்காதே. இந்த மாசத்துல எல்லார் வீட்லயும் கராஜ்லதான்..." ஆர்லோ ரொட்டியை மென்றுகொண்டே அவளைப் பார்த்தான். மெல்ல மெல்ல வாய் நின்றது.

"முட்டை, பால், ஹாம், க்ரீம்," என்றாள் பெர்னடீன். "புதன்கிழமையிலிருந்து அந்த அலமாரியில இருக்கு. ஒண்ணும் ஆகல. நாளைக்கு ஊரே சாப்பிடப்போகுது. அதுக்கு ரெண்டடி தள்ளி நிக்கிற பீர் மட்டும், குளிர் பத்தாம புளிச்சுப்போச்சாம். பேசும்போது அந்த ஆள் வாயிலிருந்து புகை வருது, ஆர்லோ! அந்த ஃப்ரிட்ஜ் உயிரோட இருந்தாலும் செத்தாலும் இந்த மாசத்துல அது வெறும் பீரோ. உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்."

"அப்ப பீர் கெடல?"

"கெட்டுத்தான் இருக்கு. குரல் உடைஞ்சுச்சே, அது நிஜம். ஆனா ஃப்ரிட்ஜ் சாகிறதுக்கு முன்னாடியே கெட்டுடுச்சு. போன மாசமே 'வித்தியாசம்'. ஊர் முன்னாடி சவால் விட்டாச்சு. கல்யாணம் நெருங்குது. பீப்பாயைத் திறந்தா மானம் போகும். என்ன பண்ணுவான்?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணலாக இல்லாவிட்டால்? ஒரு டிரில்லை எடுத்துக் கோணலாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"தன் ஃப்ரிட்ஜைத் தானே..." ஆர்லோவுக்குத் தலை சுற்றியது. "அதான் பிளக்கைப் பிடுங்கி, கேஸை மூடி... செல்லமா வளர்த்ததாச்சே."

"சுவர்ல மத்த வயரையெல்லாம் பார்க்கலையா நீ? எல்லாமே அதே ரொட்டிப் பைக் கம்பி. இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தன் படகுக்குத் தானே தீ வைக்கிறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். தீ வைக்கிறதுக்கு முன்னாடி தூண்டிலை மட்டும் பத்திரமா எடுத்து வெளியே வச்சுடுவாங்க."

"அப்ப நம்ம வேலை முடிஞ்சது! போய்ச் சொல்லிடலாம்."

பெர்னடீன் கண்ணாடி வழியாக ஏரியைப் பார்த்தாள். "சொல்லாட்டி, கோபத்துல சர்ச்சுக்கு வரமாட்டான். சொன்னா, வெட்கத்துல வரமாட்டான். அந்தப் பொண்ணு நம்மளைக் கூப்பிட்டது குற்றவாளியைப் பிடிக்க இல்ல, ஆர்லோ. அப்பாவைக் கூட்டிட்டு வர."

ஆர்லோ ரொட்டியைப் பொட்டலத்துக்குள்ளேயே வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

*

அவர்கள் திரும்பி வந்தபோது, கராஜ் வாசலில் நார்பர்ட்டின் வண்டி நின்றிருந்தது. மீன் வறுவலுக்குக் கூட்டம் நெரியும் வெள்ளிக்கிழமையன்று கடையை விட்டு வந்திருக்கிறார் என்றால், அது எப்படிப்பட்ட விஷயம் என்று ஆர்லோவுக்குப் புரிந்தது. உள்ளே எல்லோரும் இருந்தார்கள். வெண்டல் ஃப்ரிட்ஜின் பக்கத்தில், பிணத்துக்குக் காவல் இருப்பவர்போல். கொரீன், கண் வீங்கி. லவோன், கையில் இன்னொரு தட்டோடு. நடுவில் நார்பர்ட், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு.

"நான்தான் பண்ணேன், வெண்டல்," என்றார் நார்பர்ட். "பொறாமை. வேற என்ன? மன்னிச்சுடு. பிள்ளைங்க கல்யாணத்தை மட்டும் நிறுத்தாத. நான் வேணும்னா சர்ச்சுக்கு வெளியே நிக்கிறேன்."

"மாமா!" என்றாள் கொரீன்.

தேடிய குற்றவாளி தானாக வந்து காலில் விழுந்தால் முகம் மலர வேண்டும். வெண்டலின் முகமோ, தொண்டையில் மீன் முள் சிக்கியதுபோல் இருந்தது.

"பாஸ், இவரு—" என்று ஆரம்பித்தான் ஆர்லோ. பெர்னடீனின் பூட்ஸ் அவன் கால் கட்டைவிரலில் இறங்கியது. மீதி வார்த்தை ஒரு முனகலாக வெளியே வந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. என் வேலை மிச்சம்," என்றாள் பெர்னடீன். "எப்படிப் பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க, மிஸ்டர் வாண்டர்மூஸ். நான் எழுதிக்கணும்."

"எப்படின்னா..." நார்பர்ட் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "டிரில்லாலதான்."

"யார் டிரில்?"

"மச்சானுது. இரவல்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"கஷ்டமா?" பொய்க்குப் பழகாத ஆள் நார்பர்ட். பழகாதவர்கள் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுத்தான் பொய் சொல்வார்கள். "இதுல என்ன கஷ்டம்? பழைய டப்பாதானே. துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு. வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி சர்ருனு இறங்கிடுச்சு."

வெண்டலின் காது சிவந்தது. குளிரால் அல்ல.

"டப்பாவா?"

"ஆமா, தகரம்தானே. விரலால அமுக்கினாக்கூட—"

"தகரமா! யோவ், அது என்ன தகடுன்னு தெரியுமாய்யா உனக்கு? இப்ப வர்ற ஃப்ரிட்ஜ் மாதிரி காகிதம்னு நினைச்சியா? வாழைப்பழமாம்! டிரில்லோட முதல் பிட்டு பட்டுன்னு முறிஞ்சுபோச்சு. ரெண்டாவது பிட்டுக்குச் சொட்டுச் சொட்டா எண்ணெய் விட்டு, தோள்பட்டை கழண்டு விழுற அளவுக்கு அழுத்தி, அதுக்கப்புறமும் அது இறங்க மாட்டேன்னு நான் எவ்வளவு—"

சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

பெர்னடீன் எழுதுவதற்காக எடுத்த பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்பதை ஆர்லோ அப்போதுதான் கவனித்தான்.

"அப்பா," என்றாள் கொரீன். "நீயா?"

வெண்டல் அப்படியே கீழே, கவிழ்த்து வைத்த வாளியின்மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். தொப்பி இல்லாமல் பார்க்க ரொம்பச் சின்ன மனிதராக இருந்தார்.

"பீப்பாயைக் கழுவும்போது எங்கேயோ கோட்டை விட்டுட்டேன். மூணு பீப்பாயும் புளிச்சுப்போச்சு," என்றார் தரையிடம். "திரும்பக் காய்ச்ச நாள் இல்ல. அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு... நார்பர்ட் பேரை நான் சொல்லணும்னே நினைக்கல. 'யாருப்பா இப்படிப் பண்ணியிருப்பாங்க?'ன்னு நீ கேட்டியா, வாயில அவன் பேர் வந்துடுச்சு. வந்த பேரைத் திரும்ப உள்ள தள்ள முடியல."

நார்பர்ட்டின் தொப்பி அவர் கையில் பந்தாகியிருந்தது.

"உன் தப்பை நீ ஒத்துக்கிறதுக்குப் பதிலா இவர் ஒத்துக்கிட்டார், பார்த்தியா," என்றாள் கொரீன். குரல் உயரவில்லை. "நாளைக்கு சர்ச்சுல எல்லார் முன்னாடியும் நீயே சொல்லணும். மாமா பண்ணலைன்னு."

"சொல்லிட்டு எந்த மூஞ்சியோட உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நடப்பேன்? முடியாதும்மா. என்னால முடியாது."

பெர்னடீன் பயந்தது இதைத்தான். ஆர்லோ அவளைப் பார்த்தான். அவள் நார்பர்ட்டைப் பார்த்தாள். நார்பர்ட் தொண்டையைச் செருமினார்.

"சொல்ல வேண்டாம்," என்றார். "சொன்னா எனக்குத்தான் நஷ்டம்."

"என்ன நஷ்டம்?"

"புதன்கிழமையிலிருந்து என் கடையில எனக்குக் குடிக்க வாங்கிக் கொடுக்கிறதுக்கு வரிசையில நிக்கிறாங்க, வெண்டல். நான் பண்ணலைன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க. முதுகைத் தட்டிட்டுப் போறாங்க. 'ஊரைக் காப்பாத்திட்டே'ங்குறாங்க."

வெண்டல் மெதுவாக நிமிர்ந்தார். "எதுலருந்து காப்பாத்தினே?"

கராஜில் இருந்த அத்தனை பேரும், ஆர்லோ உட்பட, கூரையில் ஏதோ சுவாரசியமாக இருப்பதுபோல் மேலே பார்த்தார்கள்.

"யார் யார்?"

"எல்லாரும்தான்."

"மர ஆலைப் பசங்களுமா?"

"ரெண்டு ரவுண்டு."

"பாதிரியார்?"

"அவர்தான் முதல்ல வந்தாரு."

வெண்டலின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துக் கொரீன் ஓர் அடி முன்னால் வந்தாள். அழுகைதானா என்று ஆர்லோவால் சொல்ல முடியவில்லை. பாதி அழுகை, மீதி வேறு ஏதோ. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாதிரியார் ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினாரே, நார்பர்ட்."

"பூந்தொட்டியில ஊத்தியிருப்பாரு."

"அதான் அந்தச் செடி செத்துச்சா?" என்றார் வெண்டல். "நான் சொல்லத்தான் போறேன். நாளைக்கு, சர்ச்சுல. எனக்காக நீ குடிச்சதெல்லாம் போதும். அந்தப் பாதிரியார் மூஞ்சி எப்படி மாறுதுன்னு நான் பார்க்கணும்." கையை நீட்டினார். மாவு காய்ந்திருந்த அந்தப் பெரிய கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது. "உன் பீரைக் கொண்டு வா. நிறையக் கொண்டு வா."

கொரீன் இரண்டு பேரின் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

வெண்டலுக்குத் திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தது. பதறிப்போய்த் திரும்பினார்.

"லவோன்! என் கோட்டு! பெட்டியில கசங்கிக் கிடக்கே!"

லவோன் தட்டை அலமாரியில் வைத்தாள். அலுமினியத் தாளின் ஓரங்களை மடித்து ஒழுங்குபடுத்தினாள்.

"புதன்கிழமையே இஸ்திரி போட்டு மாட்டிட்டேன்," என்றாள். "உங்க டிரில்லோட முறிஞ்ச பிட்டுத் துண்டைப் பெருக்கி எடுத்தேன்ல, அதை முடிச்ச கையோட."